தோளில் இருந்த கை

என் அக்கா வசந்தகுமாரிக்கு ஆங்கிலம் சரியாக வராது. அறுபத்து நான்கு வயது வரை அது யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அதை முதன்முதலில் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டவன் நான்தான், அவள் வளர்த்த தம்பி.

மருத்துவமனையில் அந்த டாக்டர் நல்ல மனிதர். நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தே பேசினார். கணையத்தில் கட்டி, ஈரல் வரை பரவிவிட்டது, அறுவை சிகிச்சையால் பயனில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், வருடக் கணக்கில் பேச முடியாது, மாதக் கணக்கில்தான் என்றார். அவருக்கு என்ன ஆசை, எங்கே இருக்க விரும்புகிறார், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவரிடமே கேளுங்கள் என்றார். பிறகு நான் தமிழில் சொல்வதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அக்கா என் வாயைப் பார்த்தாள்.

“உள்ள வீக்கம் இருக்காம்க்கா. மாத்திரை போட்டா சரியாயிடுமாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மருந்து வாங்கும் இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டுத் திரும்ப ஓடினேன். வீட்டில் வைத்து நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். அவர் அரைமனதாகத் தலையாட்டினார். அடுத்த முறை வரும்போது தமிழ் பேசும் தாதி ஒருவர் கூட இருப்பார், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார்.

என் மனைவி லட்சுமி அன்று மாலையே பிடித்துக்கொண்டாள். “சொல்லிடுங்க. அவங்க என்ன சின்னப் பிள்ளையா?”

“சொல்றேன்லா. நேரம் பாத்துச் சொல்றேன்.”

நேரம் பார்ப்பதில் நான் கெட்டிக்காரன். ராகு காலம், எமகண்டம், அக்கா சாப்பிடும் நேரம், அக்கா சீரியல் பார்க்கும் நேரம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் சொல்ல நேரமே மிஞ்சாது. சொல்வதற்குப் பதிலாக நான் செய்த காரியம், சிட்டி ஹால் பக்கம் ஒரு கடைக்குப் போய்ப் பழைய கேமரா ஒன்று வாங்கியது.

காரணம், எங்கள் தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பாவின் படம். அப்பா இறந்தபோது அவர் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருந்தார். கடைசியில் என் கல்யாணப் படம் ஒன்றிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அதில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பின்னால் நின்ற அக்கா அவர் தோளில் கை வைத்திருந்தாள். ஸ்டுடியோக்காரர் அக்காவை வெட்டினாரே ஒழிய அவள் கையை வெட்டவில்லை. நான்கு விரல், சிவப்புக் கல் மோதிரம், மேலே சந்தன மாலை. இத்தனை வருடமாக வீட்டுக்கு வருகிறவர்கள் அப்பாவைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கையைத்தான் பார்க்கிறார்கள். அரைகுறையாக வேலை செய்த அந்த ஸ்டுடியோக்காரரை நான் திட்டாத திவசம் கிடையாது.

அக்காவுக்கு அப்படி ஆகக் கூடாது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் டாக்ஸியில், அழுகைக்கும் முன்னால் எனக்கு வந்த நினைப்பு இதுதான்: அக்காவுக்குத் தனியாக நல்ல படம் ஒன்று இல்லையே. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதற்குள் அவளைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சமூக மன்றத்தில் சனிக்கிழமை காலைகளில் புகைப்பட வகுப்பு நடந்தது. ஆசிரியை மர்யம். என் மகளாக இருக்கக்கூடிய வயது. கைபேசியை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத எங்களையெல்லாம் மேய்த்துக் கட்டும் பொறுமை அந்தப் பெண்ணுக்கு இருந்தது.

“அங்கிள், ஆட்டோவுல போட்டீங்கன்னா உங்களுக்குப் பதிலா கேமரா டிசைட் பண்ணிடும். இங்க நீங்கதான் டிசைட் பண்ணணும்” என்றாள் முதல் நாளே.

ஒன்றையும் முடிவு செய்ய வக்கில்லாமல்தான் நான் அங்கே வந்திருந்தேன். அது அவளுக்குத் தெரியாது.

அபெர்ச்சர் என்பது லென்ஸுக்குள் இருக்கும் துவாரம். எண் சிறிதானால் துவாரம் பெரிதாகும், வெளிச்சம் அதிகம் வரும், முகம் மட்டும் தெளிவாக இருந்து பின்னால் இருப்பதெல்லாம் கலங்கிப்போகும். எண் சின்னதானால் துவாரம் எப்படிப் பெரிதாகும் என்பதே என் மண்டையில் ஏற ஒரு வாரம் பிடித்தது. ஷட்டர் ஸ்பீட் என்பது அந்தத் துவாரம் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. ஐ.எஸ்.ஓ. என்பது இருக்கிற கொஞ்சம் வெளிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. கூட்டிக்கொண்டே போனால் படத்தில் ரவை தூவியது போல் புள்ளி விழும்.

பழகுவதற்கு ஆள் வேண்டுமே. “ஹோம்வொர்க்குக்கா, கொஞ்சம் இப்படி நில்லு” என்றேன்.

“ஹோம்வொர்க்கா? நீயா?” அக்கா கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். “அப்ப அடிச்சாலும் செய்ய மாட்டே. இப்ப கெஞ்சிச் செய்யுற.”

அடித்தவளும் அவள்தான். நான் பிறந்த வருடமே அம்மா போய்விட்டார். ஆறாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளியை விட்டு, அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பிறகு தொழிற்சாலை, அதற்குப் பிறகு பள்ளிக்கூட உணவகத்தில் சமையல். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் “தம்பி படிப்பு முடியட்டும்” என்றாள். நான் படிப்பை முடித்து, அவளுக்கு முன்னால் நானே கல்யாணமும் செய்துகொண்டேன்.

அவள் தோசை திருப்பும்போது ஷட்டர் வேகத்தைக் குறைத்து எடுத்துப் பார்த்தேன். முகம் இருந்தது, கை மட்டும் கரைந்து புகையாகப் போயிருந்தது. பாடத்தின்படி சரியான படம்தான். உடனே அழித்தேன்.

பிறகு கூடத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்தேன். நல்ல புடவை கட்டச் சொன்னேன், நெற்றியில் பொட்டைச் சரிசெய்யச் சொன்னேன். அவளும் கேள்வி கேட்காமல் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். எத்தனை முறை எடுத்தாலும் முகம் கறுத்துப்போய் வந்தது. மர்யமிடம் காட்டினேன்.

“வெள்ளைச் சுவரைப் பாத்து கேமரா ஏமாந்துடுச்சு அங்கிள். ரொம்ப வெளிச்சம்னு நெனச்சு இருட்டாக்கிடும். நம்ம முகத்துக்கு வெளிச்சத்த நீங்கதான் கூட்டி வைக்கணும். இந்த பிளஸ்ஸ ரெண்டு தட்டுங்க.”

தட்டினேன். அக்காவின் முகம் எழுந்து வந்தது. அதில் கண்ணின் மஞ்சளும் கன்னத்துப் பள்ளமும் கூடவே எழுந்து வந்தன.

அடுத்த வகுப்பு, கம்போசிஷன். “கிளிக் பண்றதுக்கு முன்னாடி ஃபிரேமோட நாலு ஓரத்தையும் சுத்திப் பாருங்க” என்றாள் மர்யம். “படத்துக்கு வேண்டாதது எது இருந்தாலும் வெளிய தள்ளுங்க. ஜூம் இல்லாத லென்ஸுன்னா கால்தான் ஜூம். முன்ன பின்ன நடங்க.” நான் நல்ல மாணவனாகிவிட்டேன். முதலில் காலண்டரைத் தள்ளினேன், பிறகு ரைஸ் குக்கரை, பிறகு லட்சுமியின் முழங்கையை. எதுவும் யாரும் இல்லாமல் அக்கா மட்டும் நின்றாள்.

“முன்னெல்லாம் அவங்க கூட நின்னு எடுத்துக்குவீங்க. இப்ப அவங்கள மட்டும் தனியா நிக்க வச்சு எடுக்குறீங்க” என்றாள் லட்சுமி. “படம் எடுக்கக் கத்துக்கிட்ட நேரத்துக்கு வாயத் தொறந்து பேசக் கத்துக்கிட்டிருக்கலாம்.”

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வரத்தானே செய்யும்.

வகுப்பின் கடைசிப் பயிற்சி லிட்டில் இந்தியாவில். தேக்கா சந்தையில் எல்லாரும் கூடி, கேம்பல் லேன் பக்கம் நடந்தோம். அக்காவும் வந்தாள். ரவிக்கை தோளில் நழுவிக்கொண்டே இருந்தது, அதை இழுத்துவிட்டுக்கொண்டே நடந்தாள். பூக்கடை ஒன்றில் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கடையின் மேலே கம்பியில் வரிசையாக மாலைகள் தொங்கின. சிவப்பு, வெள்ளை, மஞ்சள். கூரையின் இடுக்கு வழியே வந்த வெயில் சரியாக அக்கா முகத்தில் பட்டது. துவாரத்தைப் பெரிதாக்கினால் அத்தனை பூவும் கலங்கி வண்ணமாகிவிடும் என்று என் புதுப் புத்தி சொன்னது.

“அக்கா, அப்படியே கொஞ்சம் பின்னால போ. மாலைக்கு நடுவுல நில்லு.”

போய் நின்றாள். நான் குனிந்து கேமராவுக்குள் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அக்காவின் முகம், அதைச் சுற்றி இரண்டு பக்கமும் மாலை. அப்பா படத்தில் இருப்பது போலவே. சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. உயிரோடு இருப்பவளைக் கூட்டிக்கொண்டு போய் மாலைக்குள் நிறுத்தியிருந்தேன்.

அக்கா சிரித்தாள். “எனக்குத்தான் கல்யாண மாலை விழல. ஒண்ண எடுத்துப் போட்டுத்தான் எடேன்.”

பூக்கடைக்காரரும் சிரித்தார். அவசரமாக அழுத்தியதில் படம் ஆடிப்போனது. “வெளிச்சம் பத்தலக்கா” என்று பொய் சொல்லி, இன்னொன்று எடுத்தேன். அந்த நேரத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் எடுத்தேன் என்பதுதான் என்னாலேயே மன்னிக்க முடியாதது. ஏனென்றால் அது நல்ல படம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வகுப்பில் அதைப் பெரிய திரையில் போட்டார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு சீனப் பெண் “அங்கிள், வெரி நைஸ்லா!” என்று கைதட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். முகத்தை நெருங்கிப் போனது, கண் சரியான இடத்தில் இருப்பது, பூக்களே முகத்துக்குச் சட்டமாக நிற்பது என்று மர்யம் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிப் பாராட்டினாள். கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுப் படத்தை ஒரு கணம் பார்த்தாள். அவளும் தமிழ்ப் பெண்தானே. “உங்க அக்காவக் கேட்டுட்டு வைக்கலாம் அங்கிள்” என்று மெதுவாகச் சொன்னாள். நான் திருடிய பொருளோடு பிடிபட்டவன் போல உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரைப் பார்க்க வேண்டிய செவ்வாய்க்கிழமை நெருங்கிவிட்டது. அதற்கு முந்தின ஞாயிறு, லட்சுமி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். படத்தைக் காட்டுகிற சாக்கில் பேச்சை ஆரம்பித்துவிடலாம் என்பது திட்டம். சாக்கு இல்லாமல் எனக்கு ஒன்றும் நடக்காது.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். மல்லிகையைத் தொட்டுப் பார்ப்பது போல் விரலால் தடவினாள்.

“நல்லாத்தான் வந்திருக்கு” என்றாள். “ஆனா இவ்வளவு கிட்டப் போயிட்டியே தம்பி. இதுக்கு மேல மாலை போட்டா முகமே தெரியாதே. சுத்தி கொஞ்சம் எடம் விட்டிருக்க வேணாமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“எப்பத்துலேர்ந்து தெரியும்க்கா?”

“அன்னிக்கே. டாக்டர் அவ்வளவு நேரம் பேசுனாரு. நீ ஒரே வரியில சொல்லி முடிச்சிட்ட. எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது. நீளம் தெரியும்லா?” படத்தைப் பக்கத்தில் வைத்தாள். “இருந்தாலும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. நீ பட்டுப் புடவையக் கட்டச் சொல்லி வெள்ளச் செவுத்து முன்னாடி நிக்க வச்ச பாரு, அன்னிக்கு அதுவும் போயிடுச்சு.”

“ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் தேத்தணும். எனக்கே யாராவது தேத்த மாட்டாங்களான்னு இருந்துச்சு, தம்பி.”

மருத்துவமனையில் ஒரே வரியில் நான் செய்தது என்ன என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது. அவளுக்குப் பயம் வேண்டாம் என்றுதான் மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் அவளிடம் அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது. நான் பறித்தது பக்கத்துணையை மட்டும்தான். இத்தனை வாரமும் பகலில் எனக்காகப் பொட்டு வைத்துக்கொண்டு போஸ் கொடுத்துவிட்டு, தன் அறையில் தனியாக என்னவெல்லாம் நினைத்திருப்பாள்? அடுப்படியில், பேருந்தில், அந்த மாலைகளுக்கு நடுவில் சிரித்தாளே, அப்போது? நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, சொன்னது போலவே அழுதேன். அவளும் சொன்னது போலவே என் தலையைத் தடவித் தேற்றினாள்.

“போதும். இப்ப சொல்லு. அன்னிக்கு டாக்டர் சொன்னத ஒண்ணு விடாம சொல்லு. சுருக்காத.”

சொன்னேன். கணையம் என்றேன், பரவிவிட்டது என்றேன், மாதங்கள் என்றேன். அந்தச் சொல்லில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்து, “அப்புறம்?” என்றாள். என்ன ஆசை, எங்கே இருக்க விருப்பம், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் கேட்கச் சொன்னதையும் சொன்னேன்.

“இத எல்லாம் எங்கிட்டக் கேக்கச் சொன்னாரா? நல்ல மனுசன்.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். “வீட்டுலயே இருக்கேன். செவ்வாக்கிழம நானே அவருகிட்டச் சொல்றேன். நீ இங்கிலீஷ்ல சொல்லு. முழுசா.”

எழுந்து அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். “அந்த ஸ்டுடியோக்காரரத் திட்டிக்கிட்டே இருப்பியே. அவரு மேல தப்பில்ல. கைய எடுத்துடுறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன்.”

“நீயா?”

“உசிரோட இருக்கிறவ கை மாலைக்குள்ள இருக்கக் கூடாதுன்னு சித்தி கத்துனாங்க. இருக்கட்டும்னுட்டேன். அப்பாவத் தனியா மாட்ட மனசு வரல. எனக்கென்ன ஆயிடுச்சு, இத்தன வருஷம் நல்லாத்தான் இருந்தேன்.” மோதிரம் இப்போது அவள் விரலில் தளர்ந்து சுற்றியது. “என்னையும் தனியா மாட்டாத. போ, அந்த கேமராவ வை. நீயும் வந்து நில்லு.”

சாப்பாட்டு மேசையில் பிஸ்கட் டின்னை வைத்து, அதன் மேல் கேமராவை வைத்தேன். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தேன். சுவர் வெள்ளை, அதனால் பிளஸ் இரண்டு. மாலைக்கு இடம் விட்டேன். ஆனால் அந்த லென்ஸில் இரண்டு பேர் அடங்கவில்லை. காலால் ஜூம் செய்யப் பின்னால் போனால் மேசை ஏற்கெனவே கதவை ஒட்டி இருந்தது. எங்கள் வீட்டுக் கூடம் அவ்வளவுதான். டைமரை அழுத்திவிட்டு ஓடிப்போய் அவள் பின்னால் நின்று, தோளில் கை வைத்தேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது. சித்தியின் குரல் எனக்கும் கேட்கத்தான் செய்தது. கையை எடுக்கவில்லை.

படத்தைக் கொண்டுவந்து காட்டினேன். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை, ஆனால் நிம்மதியாக இருந்தாள். என் தலை ஃபிரேமுக்கு வெளியே போயிருந்தது. உடம்பும் பாதி இல்லை. கை மட்டும் இருந்தது.

“ஓரத்தப் பாக்காம விட்டுட்டேன்க்கா. என் முகம் வெட்டுப்பட்டிருச்சு. இன்னொண்ணு எடுக்கறேன்.”

“வேணாம், இதுவே இருக்கட்டும்” என்றாள் அக்கா. “அப்புறம் ஸ்டுடியோவுல உக்காந்து உன்ன வெட்டச் சொல்றது உனக்குக் கஷ்டமா இருக்கும்.”